யாழை உடைக்க வேண்டாம்: நல்ல குரல் உள்ளவர் சந்நிதியில் பாடும் முறை

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். சிவன் கோயிலில் சில ஆண்டுகளாகத் திருமுறை பாடிவருகிறீர்கள். நல்ல குரல், பண் பிடிபட்டுவிட்டது, கேட்பவர்கள் கண்கலங்குகிறார்கள், பாராட்டுகிறார்கள். இப்போதெல்லாம் பாடும்போது இறைவன் நினைவைவிட "இன்று எப்படி வந்தது?" என்ற நினைவே முன்னால் நிற்கிறது. வேறொருவர் நன்றாகப் பாடினால் மனம் சுருங்குகிறது. இந்தச் செருக்கு போகப் பாடுவதையே நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்தக் கூடாது. இதே எண்ணம் வந்த ஒருவரைச் சம்பந்தரே தடுத்திருக்கிறார்.

திருஎருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், சம்பந்தர் பாடும் பதிகங்களை யாழில் இட்டு வாசித்துக்கொண்டு அவருடனேயே ஊர் ஊராகச் சென்றவர். அப்படித் திருத்தருமபுரத்துக்கு வருகிறார்கள். இது மயிலாடுதுறைப் பக்கத்தில் ஆதீனம் இருக்கும் தருமபுரம் இல்லை, காரைக்காலுக்கு அருகில் உள்ள தலம். யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். உறவினர்கள் பெருமை தாங்காமல், நீங்கள் யாழில் வாசிப்பதால்தான் இந்தப் பதிகங்களின் இசை உலகில் பரவுகிறது என்கிறார்கள். யாழ்ப்பாணர் நடுங்கிப்போய்ச் சம்பந்தரிடம், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டும், இவர்கள் உண்மையை உணர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். அப்போது பிறந்ததுதான் "மாதர் மடப்பிடியும்" என்று தொடங்கும் பதிகம். யாழின் நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சுரத்துக்கென்று கட்டியது. வீணையில் போல மெட்டின் மேல் வைத்து இழுத்து வளைக்க முடியாது. அந்தப் பதிகத்தின் நெளிவும் சந்தமும் அதில் அடங்கவில்லை. யாழ்ப்பாணர் தோற்றுப்போகிறார். இந்தக் கருவியைத் தொட்டதால்தானே இவ்வளவும் வந்தது என்று யாழை ஓங்கி உடைக்கப் போகிறார்.

சம்பந்தர் தடுக்கிறார். சிந்தைக்கே அளவுபடாத இசை, கைச்செயலில் எப்படி முழுவதும் வரும்? அதற்காக யாழை ஏன் முறிக்க வேண்டும்? வந்த அளவுக்கு வாசியுங்கள் என்ற பொருளில் பேசி, அதே யாழை அவர் கையிலேயே திரும்பக் கொடுக்கிறார். பதிகத்துக்கும் அதன் பண்ணுக்கும் யாழ்மூரி என்றே பெயர் நின்றுவிட்டது. இன்று அதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உறவினரின் அறியாமையோடு நிறுத்திவிடுகிறார்கள். யாழ்ப்பாணரின் ஓங்கிய கையைப் பார்க்க வேண்டும். அதுவரை குற்றம் உறவினருடையது. யாழை ஓங்கிய அந்த ஒரு நொடியில் அவரும் அதே கணக்குக்குள் வந்துவிடுகிறார். "என்னால் முடிந்தது" என்பதும் "என்னால் முடியவில்லை, ஆகவே எதுவும் வேண்டாம்" என்பதும் ஒரே இடத்திலிருந்து வருபவை. இரண்டிலும் எண்ணப்படுவது நானே. நீங்கள் பாடுவதை நிறுத்த நினைப்பதும் அந்த ஓங்கிய கைதான்.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. பேச்சு வழக்கில் ஆணவம் என்றால் திமிர். சாத்திரத்தில் அது உயிரோடு எப்போதும் ஒட்டியிருக்கும் இருள். வியாபகமான உயிரை அணுவைப் போலச் சுருக்கி வைப்பதால் ஆணவம் எனப்படுகிறது. ஆகவே சபையில் நிமிர்ந்து உட்காரவைப்பது மட்டும் ஆணவம் இல்லை. ஒரு சுரம் பிசகியதற்காக மூன்று நாள் தூங்கவிடாமல் செய்வதும் அதே ஆணவம்தான். இதற்கு நூல்கள் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. களிம்பு வெளியிலிருந்து வந்து படியும் தூசி இல்லை, செம்போடு பிறந்தது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் அன்றைக்குத் தங்கம் போல மின்னும். நான்கு நாள் சும்மா வைத்தால் விளிம்பில் பச்சை ஏறத் தொடங்கிவிடும். அதற்காக யாரும் குடத்தைத் தூக்கி எறிவதில்லை, மறுபடி தேய்க்கிறார்கள். ஒரு நாள் மனம் உருகி அழுதுவிட்டால் செருக்கு போய்விட்டது என்று எண்ணாதீர்கள். தினமும் தேய்க்க என்ன வழி என்று கேளுங்கள்.

அந்த வழி பெரும்பாலும் மனத்தில் செய்வது இல்லை, கையால் செய்வது. திருவாரூர்த் தாண்டகத்தில் அப்பர் தம் நெஞ்சுக்குச் சொல்லும் வேலை வரிசையைப் பாருங்கள்: "புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டுப் பூமாலை புனைந்தேத்திப் புகழ்ந்து பாடித் தலையாரக் கும்பிட்டுக் கூத்தும் ஆடி". முதலில் விளக்குமாறு. பிறகு மெழுகல். பிறகு பூத்தொடுத்தல். பாட்டு அதற்கும் பிறகுதான். நாவுக்கரசர் என்று இறைவனே பெயர் கொடுத்த ஒருவர், நாவின் வேலையை விளக்குமாற்றுக்குப் பின்னால் வைக்கிறார். கையில் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவி இல்லாத அப்பர் திருமேனியைக் கோயில்களில் பார்ப்பது அரிது.

எனவே முதல் மாற்றம் வரிசையில் இருக்கட்டும். பாடுவதற்கு முன் இருபது நிமிடம் கோயிலில் உங்கள் திறமை எதுவும் தேவைப்படாத வேலை ஒன்றைச் செய்யுங்கள். வெளிப்பிராகாரத்துக்குத் தென்னை ஈர்க்கு விளக்குமாறு, உள் மண்டபத்துக்குப் பூந்துடைப்பம். விளக்கு ஏற்றும் இடத்தில் எண்ணெய் சிந்திக் கல் வழுக்கும். தண்ணீர் விட்டால் எண்ணெய் பரவும். முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, கொஞ்சம் மரத்தூளோ திருநீறு போன்ற நுண்பொடியோ தூவி ஊறவிட்டுப் பெருக்கி எடுக்க வேண்டும். கருங்கல்லுக்கு அமிலம் போட்டுக் கழுவக் கூடாது, கல்வெட்டு இருக்கும் சுவரை இரும்பு பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. எந்த வேலையானாலும் குருக்களிடமோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "நான் பாடுகிறவன், எனக்கு ஏன் அனுமதி?" என்று மனம் ஒரு வார்த்தை சொல்லும். அந்த வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள், தேய்க்க வேண்டிய களிம்பு அதுதான்.

இனிப் பாட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பதிகம் பாடும் பிடாரர்கள் 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் சேர்த்து 50 பேரைத் திருப்பதியத்துக்கு, அதாவது தேவாரப் பதிகத்துக்கு, நியமித்த கல்வெட்டு இருக்கிறது. ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். அந்தக் கல்வெட்டு "பாட" என்று சொல்லவில்லை. "திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய" என்கிறது. சந்நிதியில் பாடுவதன் முறை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருப்பதாகவே நினைக்கிறேன். விண்ணப்பம் கொடுப்பவர் யாரைப் பார்த்து நிற்பார்? கையெழுத்து அழகைக் காட்டுவதற்காக மனுவை நீட்டிக்கொண்டே போவாரா? பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாரா?

இதை உடம்பில் கொண்டுவாருங்கள். மகாமண்டபத்தில், தரிசனத்துக்கு வருபவர்களின் பார்வையை மறைக்காமல் ஓரமாக, சந்நிதியை நோக்கி நில்லுங்கள். விழாக்களில் மேடை போட்டு, சந்நிதிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துப் பாட வைப்பதுண்டு. ஏற்பாட்டாளரிடம் பணிவாகச் சொல்லி மேடையைப் பக்கவாட்டில் திருப்பப் பாருங்கள். முடியாவிட்டால் முதல் பதிகத்தைச் சந்நிதியில் ஒலிபெருக்கி இல்லாமல் பாடிவிட்டு மேடைக்குப் போங்கள். கோயிலில் ஓதுவார் இருந்தால் அவர் பாடி முடித்த பிறகே உங்கள் முறை. உங்கள் குரல் அவர் குரலைவிட நன்றாக இருந்தாலும் அப்படித்தான். அது அவருடைய பணி, நாம் இடையில் வந்து சேர்ந்தவர்கள்.

"திருச்சிற்றம்பலம்" சொல்லித் தொடங்கி, அதையே சொல்லி முடிப்பது மரபு. பூசை நேரத்தில் பஞ்சபுராணம் என்றால் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு, முடிவில் "வான்முகில் வழாது பெய்க" என்ற வாழ்த்து. குரல் வளம் உள்ளவர்கள் சறுக்கும் இடம் இது. தேவாரம் ஒன்றுக்கே ஐந்து நிமிடம் ஆலாபனையோடு எடுத்துக்கொண்டு, திருப்பல்லாண்டையும் பெரியபுராணத்தையும் ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். குருக்கள் தீபத்தோடு காத்து நிற்பார். ஐந்துக்கும் சமமான மூச்சு கொடுங்கள். பண்ணைத் தொட்டுக்காட்ட ஒரு மூச்சு ஆலாபனை போதும்.

தாளம் இல்லாமல் சொல் விளங்கப் பாடுவது சுத்தாங்கம், தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். செருக்கு தொந்தரவு செய்யும் காலத்தில் சுத்தாங்கத்தையே அதிகம் பாடுங்கள். அதில் சங்கதிக்கு, அதாவது ஒரே சொல்லை இழைத்து வேறு வேறு விதமாகப் பாடுவதற்கு, இடம் உண்டு, ஆனால் சொல்லை விட்டு ஓட முடியாது. சம்பந்தரின் முதல் பதிகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நட்டபாடைப் பண், இன்று நாட்டையில் பாடுவது. "தோடுடைய செவியன்" என்றதும் ஒரு சிறு நிறுத்தம். "விடையேறி" என்பது ஒரே மூச்சு. அங்கே "விடை" என்ற இரண்டு எழுத்தின் மேல் நான்கு சங்கதி போட்டுவிட்டு "ஏறி"யைப் பிறகு சேர்த்தால், கேட்பவர் காதில் காளை மறைந்து உங்கள் தொண்டை மட்டும் நிற்கும். எங்கே சங்கதி சொல்லை உடைக்கிறதோ அங்கே பாடுபவர் முன்னால் வந்துவிட்டார் என்று பொருள். இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியாது, ஏனென்றால் இதைக் காதால் அளக்கலாம். கைப்பேசியில் பதிவு செய்து, பதிகமே தெரியாத ஒருவரிடம் கொடுத்துக் கேட்ட சொற்களை எழுதச் சொல்லுங்கள். எங்கே அவரால் எழுத முடியவில்லையோ அங்கே சங்கதியைக் குறையுங்கள்.

கூட்டு வழிபாட்டில் இன்னொரு அளவு உண்டு, சுருதி. உங்கள் குரல் மிகப் பளிச்சென்று ஒலிக்கும் கட்டையிலிருந்து அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பிடியுங்கள். ஐந்தரைக் கட்டையில் உங்களுக்கு அழகாக இருக்கும், பின்பாட்டுப் பாடும் பாட்டிமார்களுக்கு மேல்ஸ்தாயி எட்டாமல் வாய் மூடிவிடும். அவர்கள் நிறுத்தினால் உங்கள் குரல் தனியாக உயர்ந்து ஒலிக்கும், அது இனிக்கவும் செய்யும். அந்த இனிப்புக்காகத்தான் பலர் சுருதியை இறக்க மறுக்கிறார்கள். ஒரு வரியை அவர்கள் திருப்பிச் சொல்லி முடித்த பிறகே அடுத்த வரியை எடுங்கள். அவர்கள் இழுத்தால் காத்திருங்கள்.

அடுத்தது, பெரும்பாலானோர் கவனிக்காமல் விடும் தவறு. நேரம் இல்லை என்று பதிகத்தில் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் பாடிவிட்டு முடித்துவிடுகிறார்கள். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டு இராவணனைப் பற்றியது, ஒன்பதாம் பாட்டு மாலும் அயனும் அடிமுடி தேடியது. இரண்டுமே தன் திறமையை நம்பி இறைவனை அணுகியவர்களின் கதை. இராவணனிடம் இருபது தோள் இருந்தது, அதைக் கொண்டு கயிலையைப் பெயர்க்கப் பார்த்தான். மால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்தார், அயன் அன்னமாகிப் பறந்தார். தோண்டத் தெரிந்தவர் தோண்டினார், பறக்கத் தெரிந்தவர் பறந்தார். அவரவரிடம் இருந்த மிகச் சிறந்த திறமையைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள், அதுவே அளவுகோலாகிப்போனதால் காண முடியவில்லை. பதிகத்துக்குப் பதிகம் இந்த இரண்டையும் வைத்திருக்கிறார் சம்பந்தர். நன்றாகப் பாடத் தெரிந்தவருக்கென்றே வைத்தது போல இருக்கிறது, நாமோ அவற்றைத்தான் தாண்டிப் போகிறோம். நேரம் குறைவாக இருந்தால் இடைப்பாட்டுகளை விடுங்கள். எட்டையும் ஒன்பதையும் விடாதீர்கள்.

அந்த எட்டாம் பாட்டை முதல் பதிகத்தில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இலங்கை அரையனின் "வலி செற்று எனதுள்ளங் கவர்கள்வன்" என்று வருகிறது. அவன் வலிமையை அழித்ததும் என் உள்ளத்தைக் கவர்ந்ததும் ஒரே மூச்சில், ஒரே வினைத்தொடரில். வலிமை நசுங்குவது தண்டனையாக மட்டும் தெரிந்தால் இந்த வரி புரியாது. இராவணனும் மலைக்கு அடியில் கிடந்து இசை பாடித்தான் அருள் பெற்றான். தோளால் முடியாதது பாட்டால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. அவன் பாடியது நசுங்கிய பிறகு.

பிறர் நன்றாகப் பாடும்போது மனம் சுருங்குவதைச் சொன்னீர்கள். இதற்கு மறைக்காட்டுக்குப் போக வேண்டும், இன்றைய வேதாரண்யம். வேதங்கள் பூசித்து அடைத்துப்போன கதவு. அப்பர் "பண்ணின் நேர்மொழியாள்" என்று தொடங்கித் திறக்கப் பாடுகிறார். திறக்கவில்லை. பாட்டுக்குப் பின் பாட்டாக வேண்டிக்கொண்டே போகிறார். பதினோராம் பாட்டில், "அரக்கனை விரலால் அடர்த்திட்ட நீர் இரக்கமொன்றிலீர்" என்று உடைந்து கேட்டபோதுதான் தாழ் நீங்குகிறது. அடைக்கும் முறை சம்பந்தருக்கு. "சதுரம் மறை" என்று முதல் பாட்டு எடுத்த உடனே கதவு மூடிக்கொள்கிறது. சம்பந்தரோ சிறு பிள்ளை, அப்பர் முதியவர். இருவரும் கூட்டத்தின் நடுவே நிற்கிறார்கள். எந்தப் பாடகருக்கும் இது எப்படி இருக்கும் என்று தெரியும்.

அப்பருக்கும் வலித்தது. சேக்கிழார் அதை மறைக்கவில்லை. இறைவன் திருவுள்ளம் அறியாமல் திறக்கப் பாடிவிட்டேனோ என்று மடத்தில் வருந்திக் கிடக்கிறார். அங்கிருந்து திருவாய்மூருக்குப் போகிறார். அங்கே பாடிய பதிகத்தில் ஓர் அடி: "திறக்கப் பாடிய என்னினும் செந்தமிழ் உறைப்புப் பாடி அடைப்பித்தார் உந்நின்றார்". திறக்கப் பாடிய என்னைவிட, திண்மையாகப் பாடி அடைக்கச் செய்தவர் அதோ நிற்கிறார், அவருக்குக் காட்சி கொடுக்காமல் ஒளிந்துகொள்வீரோ என்று இறைவனிடமே கேட்கிறார். வலியை விழுங்கவில்லை, பொய்யாகச் சிரிக்கவும் இல்லை. "என்னினும்" என்று தன்னை அளவுகோலாக வைத்தே மற்றவரை உயர்த்துகிறார், அதையும் இறைவன் முன்னால், அவருக்காக வேண்டுதலாக.

இதைச் செய்முறையாக ஆக்கலாம். யார் பாடும்போது உங்கள் மனம் சுருங்குகிறதோ அவரிடம் போய், அவர் பாடியதில் ஒரே ஒரு இடத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "அருமை" என்ற பொதுச்சொல் வேண்டாம். "மூன்றாம் அடியில் மூச்சு வாங்காமல் போனீர்களே, அது எப்படி?" என்று கேளுங்கள். கற்றுக்கொள்ளுங்கள். பிறகு சந்நிதியில் உங்கள் முறை வரும்போது முதல் வேண்டுதல் அவருடைய குரலுக்காக இருக்கட்டும். முதல் பத்து முறை உதட்டளவில்தான் வரும். பரவாயில்லை, உதட்டளவிலேயே செய்யுங்கள்.

பாராட்டை எப்படி வாங்குவது என்பதில் இரண்டு பிழைகள் நடக்கின்றன. ஒன்று தெரிந்ததே, தலை கனப்பது. இன்னொன்று, "ஐயோ, எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று மறுப்பது. கேட்டவர் மறுபடி வற்புறுத்திப் பாராட்டுவார், இரண்டாம் தவணையும் கிடைக்கும். பாடக் கூப்பிட்டால் நான்கு முறை மறுத்துவிட்டு எழுந்திருப்பதும் இந்த வகைதான். கூப்பிட்டால் முதல் அழைப்பிலேயே எழுந்து பாடுங்கள், வேண்டாம் என்றால் முதல் சொல்லிலேயே உட்காருங்கள். யாராவது உருகிப் பேசினால் "திருவருள்" என்று ஒரு சொல் போதும், உடனே "எந்தப் பாட்டு உங்களைத் தொட்டது?" என்று கேளுங்கள். பேச்சு உங்கள் குரலிலிருந்து பாட்டுக்கு நகர்ந்துவிடும். பெரும்பாலும் அவர்கள் சொல்வது குரலைப் பற்றியே இருக்காது. இறந்துபோன தாயைப் பற்றியோ பிள்ளையின் நோயைப் பற்றியோ இருக்கும். பொன்னாடை போர்த்தினால் வாங்கிக்கொண்டு, திருமுறை ஏட்டின் மேல் வைத்துவிடுங்கள். மேடையில் மறுத்துப் போர்த்துபவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

தன்னைத் தாழ்த்திச் சொல்வது பற்றி ஒரு சந்தேகம் வரலாம். மாணிக்கவாசகர் தம்மை நாய் என்று சொல்லவில்லையா? சொன்னார். சிவபுராணத்தில் அந்த வாக்கியம் எங்கே முடிகிறது என்று பாருங்கள்: "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே". நாயில் தொடங்கித் தாயைக் கடந்து தத்துவனிடம் போய் முடிகிறது. நாம் சொல்லும் "நான் ஒன்றுமில்லை" பெரும்பாலும் "நான்" என்பதிலேயே சுற்றி நிற்கிறது. அதேபோல "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முந்திய அடியை விட்டுவிடுவார்கள்: "தன் கடன் அடியேனையும் தாங்குதல்". தாங்குவது அவன் கடன் என்று முதலில் ஒப்படைத்த பிறகுதான் பணி வருகிறது. முதல் அடியை விட்டுவிட்டு இரண்டாம் அடியை மட்டும் பிடித்துக்கொண்டால், "நான் எவ்வளவு பணி செய்கிறேன்" என்று அதிலும் களிம்பு ஏறும்.

எதிர்க் கேள்வியும் நியாயமானது. சம்பந்தரே கடைசிப் பாட்டில் தம் பெயரை வைக்கிறாரே, தம் பாட்டைத் "திருநெறிய தமிழ்" என்று தாமே சொல்கிறாரே? இதற்குப் பதில் அவருடைய திருஇலம்பையங்கோட்டூர்ப் பதிகத்தில் இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு "எனதுரை தனதுரையாக" என்கிறார். என் சொல் அவன் சொல்லாக ஆகிவிட்டது. அந்தச் சொல்லைத் திருநெறி என்று புகழ்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை, அது தன்னுடையது என்ற எண்ணம் அங்கே இல்லாததால். கூச்சப்படுவதற்குக்கூட "என்னுடையது" என்ற எண்ணம் வேண்டும். உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி என்ற நான்கையும், தனு கரண புவன போகம் என்று, உயிருக்கு இறைவன் கொடுத்தவை என்கிறது சித்தாந்தம். குரல்நாண் தனுவில் வருகிறது, பண் அறியும் மனம் கரணத்தில் வருகிறது, கோயிலும் ஆசிரியரும் புவனத்தில், பாடும்போது வரும் இன்பம் போகத்தில். எங்கே நம் பங்கு என்று தேடிப் பாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பாட்டு நன்றாக வந்தது, கேட்டவர் அழுதார், ஆகவே இறைவன் என்மேல் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று கணக்குப் போடக் கூடாது. திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குப் பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறிச் சுந்தரர் புறப்பட்டார், கண் போயிற்று. பாட்டு போகவில்லை. கண் தெரியாமல் வழி கேட்டு நடந்தபடியே பாடினார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். திருவாரூரில் பாடிய "மீளா அடிமை" பதிகம் செந்துருத்திப் பண், அந்தப் பண்ணில் தேவாரத்தில் இருப்பது அது ஒன்றுதான். தவறு செய்து தண்டனையில் இருந்த நாட்களிலும் திறமை குறையவே இல்லை. எனவே வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ, கோயிலில் பூக்கட்டும் அம்மாவிடமோ கடுமையாகப் பேசிவிட்டு வந்து அன்றும் நன்றாகப் பாட முடிந்தால், அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பிப் போய் அவரிடம் பேசுங்கள்.

இவ்வளவையும் ஒன்றாகச் செய்ய ஒரு மண்டலம் எடுத்துக்கொள்ளுங்கள், 48 நாள். மேடை நிகழ்ச்சி எதையும் அந்த நாட்களில் ஒப்புக்கொள்ள வேண்டாம், முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் போய்ப் பாடிவிட்டு வாருங்கள். இரவின் கடைசிப் பூசையான அர்த்தசாமத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்தில் பல கோயில்களில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். முதலில் இருபது நிமிடம் கூட்டுதல். பிறகு ஒரு பதிகம் முழுவதும், ஒலிபெருக்கி இல்லாமல், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும் அளவு குரலில். பதினொரு பாட்டும் சுத்தாங்கமாகப் பாடப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. முதல் வாரம் சலிப்பாக இருக்கும், யாரும் கேட்காததால் சங்கதி தானாகவே உதிரும். எந்தச் சங்கதி உதிர்கிறதோ அது இதுவரை கூட்டத்துக்காகப் போட்டது. யாரும் இல்லாதபோதும் உதிராமல் நிற்பது எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள், மேடையிலும் அதுவே போதும். மூன்றாம் வாரத்துக்கு மேல், யாரும் என்னைப் பாராட்டாமலே இவ்வளவு செய்கிறேன் என்ற புதுச் செருக்கு முளைக்கும். அது வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் பயம் இல்லை. அன்று கூடுதலாக ஒரு மண்டபம் கூட்டுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.

நடை சாத்தும் நேரத்தை முதல் நாளே மெய்க்காவலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர் அவர், வீட்டுக்குப் போக வேண்டும். ஆறாம் பாட்டில் இருக்கும்போது அவர் சாவிக்கொத்தை எடுத்துவிட்டால், எட்டு, ஒன்பது, கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பு மூன்றையும் விரைவாகச் சொல்லி, திருச்சிற்றம்பலம் என்று முடித்துவிட்டு இறங்கிவிடுங்கள்.